மூன்றாம் தூணின் எண்

மலர்க்கொடிக்கு அந்த வேலை கிடைத்த புதிதில், வியாசர்பாடிக் குடியிருப்பில் அவள் மாடிக்காரர்கள் யாருக்கும் அது இன்ன வேலை என்று பிடிபடவில்லை. பாலத்தில் வேலை என்றால் சித்தாள் வேலையா, டோல் வசூலா என்று கேட்டார்கள். பாலத்தில் கருவி மாட்டியிருக்கிறார்கள், அது காட்டுகிற எண்ணை உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று சொன்னால், அதற்கு ஒரு ஆளா என்று சிரித்தார்கள். கடைசியில் அவளே ஒரு பதிலைத் தயார் பண்ணி வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவர் பக்கத்தில் பெட்டி வைத்து நாடி பார்ப்பார்களே, அந்த மாதிரி. அப்படியானால் பாலத்துக்கு உடம்பு சரியில்லையா என்று அடுத்த கேள்வி வரும். வயசாகிவிட்டது என்பாள்.

வயசானதென்னவோ உண்மைதான். திருவொற்றியூருக்கு மேற்கே கால்வாயின் குறுக்கே வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய பாலம் அது. நான்கு செங்கல் தூண்கள், நடுவே தண்ணீர் போக ஐந்து கண்கள். ஊர்க்காரர்களுக்கு அது அஞ்சு கண்ணுப் பாலம். மாட்டு வண்டி போவதற்காகக் கட்டியதன் மேல் பிறகு இரும்பு உத்தரம் வைத்தார்கள், கான்கிரீட் போட்டு அகலப்படுத்தினார்கள். இப்போது மாதவரம் பக்கத்து யார்டுகளிலிருந்து துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாக அதன் மேல் ஏறி இறங்கின. புதுப் பாலம் கட்டுவதாகப் பேச்சு இருந்தது. அதுவரை இது தாங்குமா என்று பார்ப்பதற்காக ஒரு பொறியியல் கல்லூரி மூன்று வருஷத் திட்டம் ஒன்றை எடுத்திருந்தது.

மலர்க்கொடி எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். அம்பத்தூரில் ஒரு டி.வி. கம்பெனியில் நான்கு வருஷம் சர்க்யூட்டுக்குச் சால்டர் வைத்தாள். கம்பெனியை மூடிவிட்டார்கள். 2003-இல் கல்லூரித் திட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். திட்டத்தை நடத்திய எபினேசர் சார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பேச்சில் அவசரமே கிடையாது. வந்திருந்த எல்லோரிடமும் அவர் ஒரே கேள்விதான் கேட்டார். கருவி தப்பான எண்ணைக் காட்டினால் முதலில் எதைச் சந்தேகப்படுவாய்? மற்றவர்கள் கருவியை என்றார்கள். மலர்க்கொடி வயரை என்றாள். மறு வாரமே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

உத்தரங்களின் அடியில் தபால்தலை அளவில் ஒட்டிய உணரிகள், இரும்பு எவ்வளவு இழுபடுகிறது என்று சொல்லும். ஒவ்வொரு தூணிலும் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, தூண் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று சொல்லும். எல்லா வயரும் குழாய்க்குள் ஓடி, திருவொற்றியூர்க் கரையில் இருந்த தகர அறைக்கு வந்து சேரும். அங்கே ஒரு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன். நிமிஷத்துக்கு ஒருமுறை எண் மாறும். சாயங்காலம் அன்றைய கணக்கு முழுதும் டெலிபோன் வழியாகக் கல்லூரிக்குப் போகும். சாய்வுக்கு எபினேசர் சார் ஒரு எல்லை வைத்திருந்தார். நாற்பது. நாற்பதைத் தொட்டால் யாரையும் கேட்காமல் எனக்குப் போன் பண்ணு என்று சொல்லி, அந்த எண்ணைச் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதிவிட்டுப் போனார்.

முதல் வருஷ மழையில் அது தொட்டது. தொட்டது என்று சொல்வது தப்பு. பதினைந்தில் இருந்த எண் கண்மூடித் திறப்பதற்குள் நானூறானது. மலர்க்கொடி உடனே போன் பண்ணினாள். அவர் பாலத்தைப் பராமரிக்கிற அலுவலகத்துக்குப் போன் பண்ண, அவர்கள் போலீசுக்குச் சொல்ல, நாலு மணி நேரம் போக்குவரத்து நின்றது. டிரெய்லர் வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டது. யாரோ பெரிய அதிகாரியின் கார் அதில் மாட்டிக்கொண்டது. கடைசியில் பார்த்தால், வயர்கள் சேருகிற பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது. பாலம் ஒரு மயிரிழை கூட அசையவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளை வதைத்தது. பாலத்து முனையில் டியூட்டி பார்த்த ஏட்டு அத்தாவுல்லாவுக்கு மெமோ வந்தது. எழுத்துமூல உத்தரவில்லாமல் யாரும் போக்குவரத்தை நிறுத்தக் கூடாது என்று ஒரு காகிதம் தகர அறைக் கதவிலேயே ஒட்டப்பட்டது. லாரிக்காரர்கள் அவளுக்கு நானூறு என்று பெயர் வைத்தார்கள். அவள் புருஷன் பகலவனும் டிரெய்லர் ஓட்டுகிறவன். யார்டில் இறங்கினால் போதும், இன்னா மாமு, உன் வூட்டு நானூறு எப்டி கீது என்று கேட்பார்கள். அவன் வீட்டில் அதைச் சொல்ல மாட்டான். ஆனால் அவளுக்குத் தெரியும்.

அழுது தீர்த்த பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். ஒரு வருஷத்து எண்களையும் எடுத்து வைத்துக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் படித்தாள். வெயில் ஏறினால் தூண் லேசாக ஒரு பக்கம் சாயும், இறங்கினால் திரும்பும். பதினொன்றுக்கும் பதினேழுக்கும் நடுவில் அதன் நடமாட்டம். பாரமான வண்டி போனால் ஒரு புள்ளி ஏறும், போனதும் இறங்கிவிடும். வயர் பழுதானால் எண் குதிக்கும். நிஜமாகவே பாலத்துக்கு ஏதாவது ஆனால் அது குதிக்காது, ஊரும். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தானாகவே கண்டுபிடித்ததை எபினேசர் சாரிடம் சொன்னபோது அவர் சரிதான் என்றார்.

இன்னொன்றும் செய்தாள். ஒவ்வொரு தூணிலும் கால்வாய் ஓட்டத்தைப் பார்த்த பக்கம் ஒரு சிறு திட்டு உண்டு, அதற்கு இறங்க இரும்புப் படிகள் உண்டு. இறங்கி, செங்கல்லில் ஏற்கெனவே இருந்த பழைய வெடிப்புகளின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சிமென்ட் வைத்து ஒட்டினாள். வெடிப்பு அகன்றால் கண்ணாடி உடையும். அதற்கு வயரும் வேண்டாம், கரன்ட்டும் வேண்டாம். கம்ப்யூட்டர் சொல்வதை நம்பாதவர்களுக்காக அல்ல. தனக்காகத்தான். இன்னொரு முறை ஏமாறக் கூடாது என்று இருந்தது அவளுக்கு.

2005-இன் மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். டிசம்பர் முதல் வாரம், மூன்று நாள் விடாமல் கொட்டியது. கொருக்குப்பேட்டைத் தெருக்களில் முழங்கால் தண்ணீர். மலர்க்கொடி வியாசர்பாடியிலிருந்து பாதி தூரம் நடந்தும், பாதி தூரம் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் தொற்றிக்கொண்டும், காலை ஒன்பதரைக்குப் பாலத்துக்கு வந்து சேர்ந்தாள். கால்வாய் நிரம்பி, ஆகாயத்தாமரையும் கட்டையும் குப்பையுமாகக் கறுப்பாக ஓடியது. போன் செத்திருந்தது. செல்போனில் சிக்னல் கோடு இல்லை. பேட்டரியில் கம்ப்யூட்டர் மட்டும் உயிரோடிருந்தது.

மூன்றாம் தூண், இருபத்தாறு.

அவள் முதலில் வயரைத்தான் சந்தேகப்பட்டாள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து வந்த எண்களைத் திருப்பிப் பார்த்தாள். பதினாலு, பதினைந்து, பதினேழு. விடிவதற்குள் இருபத்திரண்டு. எங்குமே குதிக்கவில்லை. மூன்று நாளாக வெயிலே கிடையாது, தூண் சாய்வதற்கு வேறு காரணமும் கிடையாது. மற்ற மூன்று தூண்களும் பதினாலில் அசையாமல் நின்றன.

ஒரு டிரெய்லர் தடதடவென்று பாலத்தில் ஏறியது. எண் இருபத்தேழானது. வண்டி இறங்கிப் போனது. எண் இறங்கவில்லை.

அடுத்த வண்டிக்குக் காத்திருந்தாள். இருபத்தெட்டு. இறங்கவில்லை. பஸ் ஒன்று போனது, அதற்கு ஏறவில்லை. பிறகு வரிசையாக நாலு கன்டெய்னர். முப்பத்தொன்று. ஒவ்வொரு பார வண்டிக்கும் தூண் ஒரு புள்ளி சாய்கிறது, சாய்ந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு பாலத்தில் ஓடினாள். மூன்றாம் தூணுக்கு மேலே கைப்பிடிச் சுவரைத் தாண்டி இரும்புப் படியில் இறங்கினாள். தண்ணீர் திட்டுக்கு ஒரு முழம் கீழே இரைந்தது. கையில் செல்போன் வெளிச்சம் போதவில்லை. விரலால் தடவிப் பார்த்தாள். கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது. இரண்டு துண்டுக்கும் நடுவே அவள் நகம் போகிற அளவு இடைவெளி. அவள் தலைக்கு மேல் இன்னொரு டிரெய்லர் போனது. அந்த இடைவெளி தன் நகத்தைக் கவ்விப் பிறகு விடுவதை அவள் உணர்ந்தாள்.

எப்படி மேலே வந்தாள் என்று அவளுக்குப் பிறகு நினைவில்லை. நேராகத் திருவொற்றியூர் முனையில் குடைக்குக் கீழே நின்ற அத்தாவுல்லாவிடம் போய், வண்டிகளை உடனே நிறுத்துங்கள், தூண் சாய்கிறது என்றாள்.

அவர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. போன தடவை வாங்கிய மெமோவால் தன் இன்கிரிமென்ட் நின்றது, அது அவளுக்கும் தெரியும் என்றார். உத்தரவு இருக்கிறதா என்று கேட்டார். போன் இல்லை, யாரையும் பிடிக்க முடியவில்லை என்றாள். கண்ணாடி உடைந்ததைச் சொன்னாள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு புள்ளி என்பதைச் சொன்னாள்.

"தங்கச்சி, நீ பொய் சொல்ற ஆள் கெடையாது. அது எனக்குத் தெரியும்" என்றார் அத்தாவுல்லா. "ஆனா போன தபாவும் நீ பொய் சொல்லல. பொட்டிதான் சொல்லிச்சு. நான் இன்னா பண்றது, சொல்லு."

வயர்லெஸ்ஸில் ஸ்டேஷனுக்குச் சொல்லிப் பார்க்கிறேன் என்று மட்டும் ஒப்புக்கொண்டார். ஸ்டேஷனில் பாதிப் பேர் வெள்ள டியூட்டியில் இருந்தார்கள். அலுவலகத்துக்குத் தகவல் அனுப்புகிறோம், அதுவரை நிறுத்த வேண்டாம் என்று பதில் வந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோதே மூன்று கன்டெய்னர்கள் அவளைக் கடந்து போயின. அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டாள்.

அப்போதுதான் மேற்குக் கரையில், வரிசையில் ஏழாவதாக, பகலவனின் நீல நிறக் கேபினைப் பார்த்தாள்.

மறுபடியும் பாலத்தில் ஓடினாள். இந்த முறை காலுக்கடியில் தளம் நடுங்குவது அவளுக்கு உடம்பெல்லாம் ஏறியது. எப்போதும் நடுங்குவதுதான், இதில் புதுசாக ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். எதிரே வந்த டிரைவர் ஒருவன் நானூறு ஓடுது பாரு என்று யாரிடமோ கத்தினான். பகலவனின் கதவைத் தட்டியபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"மாமா, வண்டிய பாலத்து வாயில குறுக்க போடு."

பகலவன் அவளை மேலே ஏறச் சொன்னான். அவள் ஏறாமல் கீழேயே நின்று சொல்லி முடித்தாள். அவன் பின்னால் முப்பது டன் சுமை, பிற்பகல் கப்பலுக்குப் போக வேண்டியது. நேரத்துக்குத் துறைமுகக் கேட்டுக்குள் போகாவிட்டால் முதலாளி சாவியைப் பிடுங்கிவிடுவார், அதில் சந்தேகமே இல்லை. இந்த மழையில் வேறு வேலை எங்கே தேடுவது. இதெல்லாம் அவன் முகத்தில் ஓடியதை அவள் பார்த்தாள். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"கைல தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். என் நெகத்த கடிச்சுது."

பகலவன் வண்டியை வரிசையிலிருந்து வெளியே எடுத்தான். முன்னால் நின்ற ஆறு பேரும் திட்டித் தீர்க்க, எதிர்ப்புறச் சாலையில் ஏறி முன்னேறி, பாலம் தொடங்குகிற இடத்துக்கு இப்பால் வண்டியைக் குறுக்கே வளைத்தான். இடது பக்கம் ஒரு பஸ் நுழைந்து வெளியேறுகிற அளவுக்கு மட்டும் வழி விட்டான். பாலத்தின் மேல் இருக்கிற வண்டிகள் வெளியே வந்தாக வேண்டும், அதை அவள் சொல்லாமலே அவன் யோசித்திருந்தான். பிறகு எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினான்.

ஹாரன் சத்தத்தில் காது அடைத்தது. ஆனால் கிழக்கேயிருந்து வண்டிகள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன. இப்போது அது முன்னைவிட மோசம். குறுகிய வழியில் ஒவ்வொன்றாக வெளியேற வேண்டியிருந்ததால் பாலத்தின் மேல் வண்டிகள் தேங்க ஆரம்பித்தன. மூன்றாம் தூணுக்கு நேர் மேலே, ஜன்னலுக்கு ஜன்னல் கைகள் நீட்டிய பஸ் ஒன்று நின்றது. அதன் பின்னால் இரும்புத் தகடு ஏற்றிய லாரி.

மலர்க்கொடி பஸ்ஸைத் தாண்டி, லாரியைத் தாண்டி ஓடி, பாலத்தின் நடுவில் நின்று அத்தாவுல்லாவைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கினாள். கத்தவில்லை, கத்தினால் கேட்கவும் கேட்டிருக்காது. அவர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்ற வண்டிகளைப் பார்த்தார். அந்த இருபது முப்பது விநாடியில் அவர் மனசில் என்ன ஓடியது என்று பிற்பாடு அவரே அவளிடம் சொன்னார். மெமோ வந்தால் கையில் வாங்கிக்கொள்ளலாம், அந்த பஸ்ஸை எங்கே போய் வாங்குவது என்று தோன்றியதாம்.

தடுப்பை இழுத்துச் சாலையின் குறுக்கே போட்டார். தன் மோட்டார் சைக்கிளையும் அதன் முன்னால் சாய்த்து நிறுத்தினார்.

பஸ் வெளியேற ஐந்து நிமிஷம் ஆனது. இரும்பு லாரி வெளியேற இன்னும் மூன்று நிமிஷம். பகலவன் வழியோரம் நின்று கையைக் காட்டிக் காட்டி ஒவ்வொன்றாக வெளியே விட்டான். கடைசி ஆட்டோ போனதும் பாலம் காலியானது. மலர்க்கொடி அறைக்கு ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள்.

நாற்பத்தொன்று. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பது. முப்பத்தொன்பது. அங்கே நின்றது.

அவள் பயந்தது அதற்குப் பிறகுதான். ஒரு மணி நேரம் போனது. முப்பத்தொன்பது. மழை தூறலானது. கால்வாய் மட்டம் ஏறவில்லை, இறங்கவுமில்லை. இரண்டு கரையிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். டிரைவர்கள் பகலவனைச் சூழ்ந்துகொண்டு சட்டையைப் பிடித்தார்கள், சாவியைக் கேட்டார்கள். அவன் கைகட்டிக்கொண்டு தன் வண்டியின் மேல் சாய்ந்து நின்றான். இன்னாத்துக்கு மாமு பேஜாரு பண்ற, பாலம் கல்லு மாதிரி நிக்கிது பாரு என்று அவன் தோஸ்து ஒருவனே சொன்னான். பாலம் நின்றுகொண்டுதான் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அது நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது என்று காட்டிக்கொண்டே இருந்த திரையை வெறித்துக்கொண்டு, இதுவும் பொய்யாகிப் போனால் இந்த இரண்டு ஆண்களின் சோற்றிலும் மண்ணைப் போட்டவள் நான்தான் என்று மலர்க்கொடி நினைத்தாள்.

ஒரு மணிக்குப் பராமரிப்பு அலுவலகத்து உதவிப் பொறியாளர் செல்வம் வந்தார். ஜீப் மாட்டிக்கொண்டதால் கடைசிக் கொஞ்ச தூரத்தை மழையில் நடந்து வந்திருந்தார். பேண்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தார், முகம் சிவந்திருந்தது. கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை முதலில் காட்டினார். பிறகு திரையைக் காட்டினார். ஒன்றரை மணி நேரமாக ஒரே எண்தானே, நின்றுவிட்டது என்றுதானே அர்த்தம் என்று கேட்டார். சின்ன வண்டிகளையும் பஸ்களையும் மட்டும் விடலாம் என்றார். கண்ணாடி உடைந்ததைச் சொன்னதற்கு, கனமான வண்டி போனால் கண்ணாடி உடையாதா என்றார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவருக்கு மேலே இருப்பவர்களும் காலையிலிருந்து அவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பாலம் ஆபத்துல இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றியாம்மா?" என்று கேட்டார். அதோடு அவள் அடங்கிவிடுவாள் என்று நினைத்திருப்பார்.

மலர்க்கொடி தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். மூன்றாம் தூண் சாய்கிறது, வண்டி விட்டால் விழலாம் என்று இரண்டு வரி எழுதினாள். தேதி, நேரம், பெயர், கையெழுத்து. அவள் கல்லூரிக்கும் நிரந்தர ஆள் கிடையாது, அலுவலகத்துக்கும் ஆள் கிடையாது. அந்தத் தாளுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்று அவளுக்குத் தெரியாது. அதை அவரிடம் நீட்டிவிட்டு இன்னொரு வெற்றுத் தாளையும் நீட்டினாள்.

"பத்திரமா கீதுன்னு நீங்களும் எழுதிக் குடுங்க சார். தடுப்ப நானே எடுத்துடறேன்."

அத்தாவுல்லா அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செல்வம் பேனாவின் மூடியைக் கழற்றினார். தாளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, கீழே இறங்கிப் பார்க்க வழி இருக்கிறதா என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருந்த மங்கம்மா இறால் பிடித்து விற்கிறவள். அவளிடம் படகு தள்ளுகிற நீள மூங்கில் இருந்தது. அதைக் கேட்டபோது அவள் தானும் கூட வந்தாள். இரண்டு நாளாகத் தன் வலைக்கட்டை நிற்கவே இல்லை, நட்ட இடத்தில் தரையே இல்லாமல் போய்விட்டது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு, காலி பாலத்தில் நடந்தார்கள். செல்வத்தின் இடுப்பில் கயிறு கட்டி அதன் மறுமுனையை அத்தாவுல்லா கைப்பிடிச் சுவரில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். செல்வம் படியில் இறங்கித் திட்டில் நின்றார். மேலேயிருந்து மங்கம்மா மூங்கிலை நீட்டினாள்.

பழைய வரைபடத்தில் தூணின் அஸ்திவாரம் திட்டிலிருந்து பத்தடி ஆழத்தில் முடிகிறது. அதற்கு மேலேயே மண் தட்ட வேண்டும். மலர்க்கொடி மூங்கிலில் அடிக்கு ஒரு கயிறு கட்டியிருந்தாள். சுவரின் மேல் குனிந்து எண்ணினாள். ஆறு, ஏழு, எட்டு. செல்வம் மூங்கிலை இறக்கிக்கொண்டே இருந்தார். ஒன்பது. பத்து. பதினொன்று. பதிமூன்றில்தான் அது எதிலோ மெதுவாகப் பதிந்தது.

பிறகு மூங்கிலைச் சாய்த்து, அதன் நுனியைத் தூணின் அடிப்பக்கமாகத் தள்ளினார். செங்கல்லில் முட்ட வேண்டிய இடம். மூங்கில் முட்டவில்லை. அவர் கைகள் முன்னால் போய்க்கொண்டே இருப்பதை மலர்க்கொடி மேலேயிருந்து பார்த்தாள். மூங்கில் தூணுக்கு அடியில் ஓராள் நீளத்துக்கு உள்ளே போனது.

செல்வம் மூங்கிலை வெளியே இழுக்கக்கூட இல்லை. அதைத் தண்ணீரோடு விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"எல்லாரும் பாலத்த விட்டு எறங்குங்க. மெதுவா" என்றார்.

அன்று மூன்று மணிக்கு அவர் தன் கையாலேயே உத்தரவு எழுதிப் பாலத்தை மூடினார். பெருக்கெடுத்த தண்ணீர் தூணைச் சுற்றி மண்ணை அரித்து, அடியில் குகை மாதிரி குடைந்துவிட்டிருந்தது. எபினேசர் சார் மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர முடிந்தது. எண்களையெல்லாம் பார்த்தார், அவள் எழுதிக் கொடுத்த தாளையும் பார்த்தார். தன்னைக் கேட்காமல் செய்ததற்கு அவள் மன்னிப்புக் கேட்டபோது, கேட்டிருந்தால் நான் இன்னொரு மணி நேரம் யோசித்திருப்பேன் அம்மா என்றார்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் தூண் ஒரு சாண் இறங்கியது. தளம் நடுவில் உடைந்து, கைப்பிடிச் சுவர் கால்வாயில் விழுந்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஒருவரைத் தவிர அதைப் பார்த்தவர்கள் யாருமில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. பகலவனின் சாவியை முதலாளி அன்று சாயங்காலமே வாங்கிக்கொண்டார். தூண் இறங்கிய பிறகு கூப்பிட்டு அனுப்பினார், பகலவன் போகவில்லை. ஐந்து மாதம் கிடைத்த வண்டியை ஓட்டிவிட்டு, எண்ணூரில் ஒரு நிலக்கரி யார்டில் சேர்ந்தான். அத்தாவுல்லாவுக்கு முதலில் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, பிறகு அது எங்கேயோ காணாமல் போனது. பாராட்டு என்று ஒன்றும் வரவில்லை. மலர்க்கொடியின் திட்டம் மார்ச் மாதத்தோடு முடிந்தது. கொஞ்ச நாள் வீட்டில் இருந்தாள். ராத்தூக்கத்தில் எண் சொல்கிறாள் என்று பகலவன் சொன்னான்.

2007-இல் அதே கால்வாயில், கொஞ்சம் வடக்கே தள்ளிப் புதுப் பாலத்துக்கு அடிக்கல் போட்டார்கள். இந்த முறை கட்டும்போதே கருவி வைப்பதென்று முடிவு. எபினேசர் சார் அவளைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். பெரிய மேசை, சுற்றிலும் பொறியாளர்கள். செல்வமும் இருந்தார். எத்தனை உணரி, எந்தெந்த உத்தரத்தில் என்று படத்தை விரித்துப் பேசினார்கள். தூண்களில் பழைய மாதிரியே சாய்வுப் பெட்டி என்றார்கள். மலர்க்கொடி ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு யாரும் கேட்காமலே பேசினாள். அன்றைக்கு எண் ஏற ஆரம்பித்தபோது அடியில் மண் ஏற்கெனவே போயிருந்தது, சாய்வு என்பது கடைசியில் வருகிற சேதி, முதல் சேதி தரையில்தான் இருக்கிறது, ஆகவே கருவியை முதலில் தண்ணீருக்கடியில் மண்ணில் வைக்க வேண்டும் என்றாள். ஒருவர் அது படத்தில் இல்லையே என்றார். செல்வம் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு தூணின் அடியிலும் ஒரு புள்ளி வைத்தார்.

அடுத்த வருஷம் கோடையில், தண்ணீர் வற்றிய ஒரு காலை நேரத்தில், அவள் மங்கம்மாவின் படகில் உட்கார்ந்து புதுப் பாலத்தின் முதல் தூணுக்குப் போனாள். மடியில் ஆழம் பார்க்கிற கருவி, ஈரத்துணி சுற்றி வைத்திருந்தாள். மங்கம்மா கலீஜான தண்ணியில கைய வைக்காத, கம்ப வுட்டு நான் பாத்துக்கிறேன் என்றாள். மலர்க்கொடி அதைக் காதில் வாங்காமல் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, தோள் வரை கையை உள்ளே விட்டு, தூண் எங்கே முடிகிறது, மண் எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலால் தேடத் தொடங்கினாள்.